மூலம் விண்மீனின் ஒளி குறைவது மறைப்பாலா, துடிப்பாலா?

கேள்வி: கோட்டையூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். சென்ற மாதம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் தனியாக வந்து, தன்னுடைய நட்சத்திரம் மூலம் என்றும், அது வானத்தில் எங்கே இருக்கிறது என்றும், உண்மையிலேயே அது ஆகாத நட்சத்திரமா என்றும் கேட்டாள். "பெண் மூலம் நிர்மூலம்" என்ற சொல்லை நம் பக்கத்துப் பெண்பிள்ளைகள் ஜாதகக் கட்டை எடுக்கும்போதெல்லாம் கேட்டு வளர்கிறார்கள் என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவளுக்கு விடை சொல்வதற்காக, ஆடி முதல் வாரத்தில் வானம் தெளிந்திருந்த ஓரிரவு, அவளையும் இன்னும் நான்கு மாணவியரையும் அவர்களுடைய பெற்றோருடன் எங்கள் பழைய வீட்டின் மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றேன். வளவு முற்றத்தில் நின்றால் உச்சிவானம் மட்டுமே சதுரமாகத் தெரியும். மூலமோ நம் ஊரில் தெற்கே 43 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. செந்நிறக் கேட்டையிலிருந்து தேளின் உடலைப் பின்பற்றிக் கீழே இறங்கி, வால் வளைந்து மேலே திரும்பும் இடத்தில், கொடுக்கில் ஒளிரும் விண்மீனைக் காட்டினேன். மூலத்துக்குத் தேட்கடை என்று பழைய பெயர் ஒன்று உண்டு என்பதைச் சொன்னபோது அந்தப் பெண் சிரித்த சிரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதன்பின் நான் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க எனக்கே கேள்விகள் பெருகின. ஷௌலா அல்லது லாம்டா ஸ்கார்ப்பி எனப்படும் இந்த விண்மீன் ஒன்றல்ல, மூன்று என்றும், அவற்றுள் நெருங்கிய இரண்டு 5.95 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றும்போது மறைப்பு நிகழ்கிறது என்றும், மூன்றாவது விண்மீன் ஏறத்தாழ 1053 நாளில் அந்த இணையோடு சுற்றி வருகிறது என்றும், இவற்றோடு முதன்மை விண்மீன் 5 மணி 8 நிமிடத்துக்கு ஒருமுறை துடிக்கவும் செய்கிறது என்றும் படித்தேன். தொலைநோக்கியிலும் இது ஒரே ஒளிப்புள்ளிதான். அந்தப் புள்ளியின் ஒளி சிறிதளவு குறையும்போது, அது மறைப்பால் குறைந்ததா, துடிப்பால் குறைந்ததா என்று எப்படிப் பிரித்தறிகிறார்கள்? கொடுக்கில் மூலத்தை ஒட்டித் தெரியும் மற்றொரு விண்மீன்தான் அந்த மூன்றாவது துணையா? பள்ளியில் இருக்கும் சாதாரண டிஜிட்டல் கேமராவைக் கொண்டு மாணவியர் இதில் எதையாவது தாங்களாகவே அளக்க முடியுமா? பாடநூலில் உள்ளதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆகவேதான் விரிவாகக் கேட்கிறேன்.

மறுமொழி: தேவகோட்டை நோக்கர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். எளிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மூலத்தை ஒட்டித் தெரிவது லெசாத் என்னும் உப்சிலான் ஸ்கார்ப்பி. அது பார்வைக்கு மட்டுமே அண்டை. ஈர்ப்பால் மூலத்தோடு பிணைந்ததன்று. நீங்கள் படித்த மூன்று விண்மீன்களும் அந்த ஒரே புள்ளிக்குள் இருக்கின்றன. மூன்றாவது விண்மீனுக்கும் உள் இணைக்கும் இடையிலான கோணத் தொலைவு ஒரு பாகைவிநாடியில் (ஒரு பாகையை 3600 கூறாக்கினால் அதில் ஒன்று) இருபதில் ஒரு பங்குதான். ஆஸ்திரேலியாவில் நராப்ரி அருகே சிட்னி பல்கலைக்கழகம் அமைத்த விண்மீன் குறுக்கீட்டுமானி, தொலைவில் நிற்கும் இரண்டு ஆடிகளின் ஒளியை ஒன்றாகக் கலந்து பார்த்து, அந்தப் புள்ளியைப் பிரித்து அளந்தது. 2006-ல் வெளியான அந்த ஆய்வின்படி மூலம் நம்மிடமிருந்து 112 பார்செக், அதாவது ஏறத்தாழ 365 ஒளியாண்டு தொலைவில் உள்ளது.

இப்போது உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். ஒளி குறைவதைப் பார்த்த மாத்திரத்தில் காரணம் தெரிந்துவிடாது. ஆனால் இரண்டு காரணங்களும் விட்டுச்செல்லும் தடயங்கள் வேறு. மறைப்பு என்பது வடிவியல். ஒரு விண்மீன் மற்றொன்றின் முன்னால் வரும் சில மணி நேரம் மட்டும் ஒளி இறங்கும், பின்பு ஏறும், சுற்றின் எஞ்சிய பகுதியில் ஏறக்குறைய சமமாக இருக்கும். துடிப்போ ஓயாத அலை. மேலும், துடிக்கும் விண்மீனின் மேற்பரப்பு சூடாகியும் குளிர்ந்தும் வருவதால் அதன் நிறமும் ஒளியோடு சேர்ந்து மாறும். புற ஊதாவில் அலை பெரிதாகவும் மஞ்சள் ஒளியில் சிறிதாகவும் தெரியும். மங்கலான சிறு துணை ஒன்று முன்னால் வந்து மறைக்கும்போது எல்லா நிறங்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறையும். ஆகவே ஒரே இரவில் இரண்டு மூன்று நிற வடிப்பான்கள் வழியாக மாறி மாறி அளப்பவர்களுக்கு முதல் தடயம் நிறத்திலேயே கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது தடயம் நிறமாலையில் உள்ளது. துடிப்பு விண்மீனின் மேற்பரப்பையே முன்னும் பின்னும் நகர்த்துவதால் நிறமாலைக் கோடுகளின் வடிவம் ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை நெளியும். சுற்றுப்பாதை இயக்கமோ கோடுகளை வடிவம் மாறாமல் 5.95 நாளுக்கு ஒருமுறை இடம்பெயர்க்கும். மூன்றாவதாக, காலக்கணக்கு இருக்கிறது. 5.952 நாளை, 5 மணி 8 நிமிடமாகிய 0.2137 நாளால் வகுத்தால் 27.85 வரும். அது முழு எண்ணாக இல்லாததால், ஒவ்வொரு மறைப்பின்போதும் துடிப்பு வேறொரு கட்டத்தில் நிற்கும். போதிய இரவுகளின் அளவீடுகளைத் திரட்டிவிட்டால், எல்லாவற்றையும் 0.2137 நாள் என்ற காலத்தில் மடித்துப் போட்டு, அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, துடிப்பின் சராசரி அலையைக் கண்டு கழித்துவிடலாம், எஞ்சுவதை 5.952 நாளில் மடித்தால் மறைப்பின் பள்ளம் தனியே எழும். அந்தப் பள்ளத்தைக் கழித்துவிட்டு மீண்டும் துடிப்பைக் கணக்கிடுவார்கள். மாவைச் சலிக்கச் சலிக்கத் தவிடு குறைவதுபோல் ஒவ்வொரு சுற்றிலும் கலப்படம் குறைந்துகொண்டே வரும்.

தரையிலிருந்து இதைச் செய்வது ஏன் கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். மறைப்பு நெடுநேரம் நீடிப்பதால் அதன் இறக்கமும் ஏற்றமும் ஓரிரவுக்குள் அடங்குவது அரிது. அதைத் தெளிவாகக் காட்டியது வயர் என்னும் நாசாவின் செயற்கைக்கோள். 1999-ல் ஏவப்பட்ட அதன் அகச்சிவப்புத் தொலைநோக்கியைக் குளிர்விக்கும் உறைந்த ஹைட்ரஜன் முழுவதும் ஏவிய சில நாள்களிலேயே ஆவியாகிப் போனதால் முதன்மைப் பணி கைவிடப்பட்டது. ஆயினும் திசையறிவதற்காக அதில் பொருத்தியிருந்த 52 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு தொலைநோக்கி பழுதின்றி இருந்தது. அதையே விண்மீன் ஒளியை அளக்கும் கருவியாக மாற்றிக்கொண்டார்கள். உங்கள் மாணவியர் கையில் வைத்திருக்கும் இருகண்நோக்கியின் முன்வில்லையும் ஏறத்தாழ அதே அளவுதான் என்பதை அவர்களிடம் அவசியம் சொல்லுங்கள்.

அந்த மறைப்பு எதைத் தீர்த்துவைத்தது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மூலத்திலிருந்து மென்மையான எக்ஸ் கதிர்கள் வருவதை ரோசாட் செயற்கைக்கோள் பதிவு செய்திருந்தது. முதன்மை விண்மீனுக்குப் பக்கத்தில் வெண்குள்ளன் ஒன்று இருக்க வேண்டும் என்று அதைக் கொண்டு 2000-ல் ஒரு கருத்து எழுந்தது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனான வெண்குள்ளன் பூமியளவே இருக்கும். முதன்மை விண்மீனின் விட்டத்தைச் சூரியனைப் போல் ஏழு மடங்கு என்று தோராயமாக வைத்துக்கொண்டால், அது பூமியைப் போல் எழுநூறு மடங்குக்கும் மேல். பூமியளவுள்ள உருண்டை அதன் முன்னால் கடந்தால், மறையும் ஒளி பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அதை வயரும் கண்டிருக்காது, நாமும் காண மாட்டோம். கண்ணுக்கெட்டிய பள்ளம் நூற்றில் சில பங்கு என்ற அளவில் இருப்பதால், மறைக்கும் துணை சூரியனை ஒத்த அல்லது அதைவிடப் பெரிய உருவமாகவே இருந்தாக வேண்டும். இன்று அதனைச் சூரியனைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நிறையுள்ள, இன்னும் சுருங்கி முடிக்காத இளம் விண்மீனாகக் கருதுகிறார்கள். எடை மிகுந்த முதன்மை விண்மீன் தன் எரிபொருளை விரைந்து செலவழித்துக்கொண்டிருக்கும் அதே வேளையில், உடன் பிறந்த சிறியது இன்னும் குழந்தைப் பருவத்தைக் கடக்கவில்லை. இளம் விண்மீன்கள் எக்ஸ் கதிர்களை மிகுதியாக வெளியிடுபவை என்பதால் அந்தக் கணக்கும் பொருந்திவிடுகிறது.

துடிப்பின் காரணத்தையும் மாணவியர் கேட்பார்கள். மூலத்தின் முதன்மை விண்மீன் பீட்டா செஃபெய் வகையைச் சேர்ந்தது. அதன் உள்ளே, வெப்பநிலை இரண்டு லட்சம் கெல்வின் அளவில் இருக்கும் அடுக்கில், இரும்பும் அதனை ஒத்த தனிமங்களும் கதிர்களை வலுவாகத் தடுக்கின்றன. அந்த அடுக்கு அமுங்கும்போது தடை கூடி வெப்பம் தேங்குகிறது. தேங்கிய வெப்பம் அடுக்கை வெளியே தள்ளுகிறது. விரிந்ததும் தடை தளர்ந்து வெப்பம் வெளியேறிவிட, அடுக்கு மீண்டும் அமுங்குகிறது. மூடியிட்ட உலைப்பானையில் ஆவி சேர்ந்து மூடியைத் தூக்குவதும், ஆவி போனதும் மூடி விழுவதும் போன்றது இது. செஃபீடு என்னும் மற்றொரு வகைத் துடிப்பு விண்மீன்களில் இதே வேலையை ஹீலியம் செய்கிறது என்பது முன்பே தெரிந்திருந்தும், இந்த நீல விண்மீன்களில் இரும்புதான் காரணம் என்பது 1990களின் தொடக்கத்தில், இரும்பின் ஒளித்தடையைப் புதிதாகக் கணக்கிட்ட பிறகே உறுதியாயிற்று.

அந்தப் பெண் கேட்டதற்கு ஒரு சொல். ஒருவர் மூலத்தில் பிறந்தார் என்றால், அவர் பிறந்த வேளையில் சந்திரன் 13 பாகை 20 கலை நீளமுள்ள ஒரு வானப் பகுதியில் இருந்தது என்பதே பொருள். இந்த விண்மீனோ சூரிய வீதியிலிருந்து கிட்டத்தட்ட 14 பாகை தெற்கே விலகி நிற்கிறது. சந்திரன் அவ்வீதியிலிருந்து 5 பாகைக்குச் சற்று மேல் மட்டுமே விலகும். ஆகவே சந்திரன் இதனை ஒருநாளும் நெருங்கியதில்லை.

மறுமொழி: பள்ளத்தூர் ஒளிப்படக்காரர்

ஆசிரியை அவர்களுக்கும் தேவகோட்டை ஐயா அவர்களுக்கும் வணக்கம். கேமராவைப் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன், ஏனென்றால் இதே மூலத்தில் நான் ஓராண்டு ஏமாந்திருக்கிறேன்.

தொழில் முடிந்து மீந்த இரவுகளில், என் கேமராவை முக்காலியில் நிறுத்தி, மூலத்தையும் அதற்குத் தெற்கே ஆறு பாகை தள்ளியுள்ள தீட்டா ஸ்கார்ப்பியையும் ஒரே படத்தில் எடுத்து, இரண்டின் ஒளியையும் ஒப்பிட்டுக்கொண்டே வந்தேன். நான்கு இரவுகளில் மிக அழகான அலை ஒன்று வந்தது. ஏறி இறங்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்தது. துடிப்பைப் பிடித்துவிட்டேன் என்று உறக்கமில்லாமல் இருந்தேன். பின்பு ஒரு நாள், அந்த அலையின் உச்சி ஒவ்வோர் இரவும் மூலம் தென்வானில் உயரும் நேரத்தை ஒட்டியே வருவதைக் கவனித்தேன். உண்மையான துடிப்பு எந்த ஊரின் உச்சி நேரத்துக்கும் கட்டுப்படாது. நான் அளந்தது நம் காற்றைத்தான்.

கணக்கு இதுதான். மூலம் உச்சியில் 43 பாகை உயரத்தில் இருக்கும்போது அதன் ஒளி, தலைக்கு நேர் மேலே உள்ள காற்றைப் போல் 1.47 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. தீட்டாவோ 37 பாகையில் இருப்பதால் 1.66 மடங்கு. நம் பக்கத்துப் புழுதியும் ஈரமும் கலந்த காற்று ஒரு மடங்குக்குக் கால் பொலிவெண் (விண்மீன் ஒளியின் அளவு; எண் கூடினால் விண்மீன் மங்கல்) அளவுக்கு ஒளியை உறிஞ்சும் என்று வைத்தால், இரண்டுக்கும் இடையே காற்றினால் மட்டும் 0.05 பொலிவெண் வேறுபாடு வந்துவிடும். மூலத்தின் சொந்த மாற்றம் முழுவதுமே அந்த அளவுதான். இரண்டும் மேற்கே சாயச் சாய இந்த வேறுபாடு வளர்ந்துகொண்டே போகும். ஆகவே காற்றுத் திருத்தம் செய்யாத எந்த அளவீட்டையும் மாணவியரை நம்ப விடாதீர்கள். ஒப்பிடுவதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று கப்பா ஸ்கார்ப்பியைத் தேர்ந்தெடுத்துவிடவும் வேண்டாம். அதுவும் பீட்டா செஃபெய் வகைத் துடிப்பு விண்மீன்.

கேமராவில் செய்ய வேண்டியவை சிலவே. படத்தை RAW எனப்படும் சுருக்கப்படாத வடிவில் சேமியுங்கள். குவியத்தைச் சற்றே கலைத்து, விண்மீன் ஒரு சிறு வட்டமாக விழும்படி செய்யுங்கள். கூர்மையாக விழுந்தால் நடுப்புள்ளி நிறைவடைந்து, மிகுந்து வரும் ஒளி கணக்கில் சேராமல் போய்விடும். மூன்று நிறங்களில் பச்சையை மட்டும் பிரித்து அளந்தால், வானியலாளர் பயன்படுத்தும் மஞ்சள்பச்சை வடிப்பானுக்கு அது ஓரளவு நெருங்கி வரும். ஒரே படத்தை நம்பாமல் இருபது முப்பது படங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும், ஏனெனில் விண்மீன் மினுமினுப்பதே நூற்றில் பல பங்கு. இத்தனையும் செய்தால் மூலத்தின் துடிப்பு எட்டக்கூடியதே. ஆனால் அது முதற்பயிற்சிக்கு உரியதன்று.

என் யோசனை வேறு. அதே தேளின் உடலில், வால் இறங்கத் தொடங்கும் இடத்தில், இரண்டு விண்மீன்கள் ஒட்டினாற்போல் தெரியும்; மியூ-1, மியூ-2 என்பவை அவை. அவற்றுள் பிரகாசமான மியூ-1 ஒரு மறைப்பு இரட்டை. அதன் பொலிவெண் 2.94-க்கும் 3.22-க்கும் இடையே மாறுகிறது. காலம் 1 நாள் 10 மணி 43 நிமிடம். அதில் இரண்டு விண்மீன்களும் மிக நெருங்கியிருப்பதால் ஒன்றையொன்று இழுத்து முட்டை வடிவாகியுள்ளன. ஆகவே மறைப்பு இல்லாத வேளையிலும் ஒளி சீராக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த மாற்றம் வெறுங்கண்ணுக்கே தெரியும். அயோட்டா-1 ஸ்கார்ப்பி 3.03, ஜி ஸ்கார்ப்பி ஏறத்தாழ 3.2, ஈட்டா ஸ்கார்ப்பி 3.33 என்று ஒப்பிடுவதற்குப் படிக்கட்டுபோல் விண்மீன்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஈட்டா மட்டும் தாழ்வாக இருப்பதால் அதனை உச்சி நேரத்தில் பயன்படுத்துவது நல்லது.

கண்ணால் மதிப்பிடுவதைக் குறைவாக எண்ண வேண்டாம். இந்தப் பொலிவெண் அளவுகோலை 1856-ல் வகுத்த நார்மன் பாக்சன் பின்னாளில் சென்னை வானாய்வகத்துக்குத் தலைவராக வந்தார். அங்கே அவருடன் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறுவிண்மீனைக் கண்டறிந்தார். இது நம் மண்ணிலேயே பழகிய கலை.

கோட்டையூரிலிருந்து பார்த்தால் தென்மேற்கில் காரைக்குடியின் விளக்கொளி ஏறும். முடிந்தால் ஒருமுறை தேவகோட்டைக்கும் தெற்கே ஏதேனும் ஒரு கண்மாய்க்கரைக்குப் பெற்றோரோடு அழைத்துச் செல்லுங்கள். ஆவணி, புரட்டாசியில் மாலை இடிமழை பெய்து ஓய்ந்த இரவுகளில் புழுதி அடங்கி வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும்; ஆனால் அப்போது தேள் விரைவில் மேற்கே சாய்ந்துவிடும்.

மறுமொழி: கோட்டையூர் ஆசிரியை

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சந்திரன் மூலத்தை நெருங்குவதே இல்லை என்ற செய்தியை அந்த மாணவியிடம் சொன்னேன். அவள் உடனே வரைபடத்தாளில் சூரிய வீதியையும் மூலத்தையும் குறித்து, தன் பாட்டியிடம் காட்டுவதற்காக எடுத்துச் சென்றிருக்கிறாள்.

வெண்குள்ளன் கணக்கைக் கரும்பலகையில் போட்டோம். பூமியளவுள்ள உருண்டை ஒளியை மறைக்க முடியாது என்பதை மாணவியரே கண்டு சொன்னார்கள். அப்போது ஒருத்தி ஒரு கேள்வி எழுப்பினாள். மறைப்பு உள் இணைக்குள் நடக்கிறது, துடிப்பு முதன்மை விண்மீனில் நடக்கிறது, தொலைவில் சுற்றும் மூன்றாவது விண்மீனோ எதையும் மறைப்பதில்லை. அப்படியானால் அதனால் அளவீட்டில் ஏதாவது மாறுமா, அல்லது அது உடன் ஒளிரும் விளக்கு மட்டும்தானா? எனக்கு நிறைவான விடை சொல்லத் தெரியவில்லை.

மறுமொழி: தேவகோட்டை நோக்கர்

மிக நல்ல கேள்வி. அந்த மாணவிக்கு என் பாராட்டைத் தெரிவியுங்கள். மூன்றாவது விண்மீன் இரண்டு வகையில் தலையிடுகிறது.

ஒன்று, அவள் சொன்னதுபோல் உடன் ஒளிரும் விளக்கு. அதன் ஒளி எப்போதும் கலந்தே வருவதால் மறைப்பின் பள்ளமும் துடிப்பின் அலையும் உள்ளதைவிடச் சிறிதாகத் தோன்றும். அதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் துணையின் உருவத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம்.

மற்றது நேரத்தைப் பற்றியது. மூன்றின் நிறையையும் கூட்டிச் சூரியனைப் போல் 20 மடங்கு என்று தோராயமாக வைத்துக்கொண்டு கெப்ளரின் மூன்றாம் விதியைப் போடச் சொல்லுங்கள். 1053 நாள் என்பது 2.88 ஆண்டு, அதன் வர்க்கம் 8.3, அதை 20-ஆல் பெருக்கினால் 166, அதன் கனமூலம் 5.5. ஆகவே மூன்றாவது விண்மீன் உள் இணையிலிருந்து ஏறத்தாழ 5.5 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவு) தொலைவில், நம் வியாழன் சூரியனிலிருந்து இருக்கும் அளவுக்குச் சற்றே கூடுதலான தொலைவில் சுற்றுகிறது. அதன் நிறை சூரியனைப் போல் 8 மடங்கு என்று கொண்டால், உள் இணை பொது மையத்திலிருந்து 5.5-ல் 20-க்கு 8 பங்கு, அதாவது 2.2 வானியல் அலகு தள்ளி நின்று தானும் சுற்ற வேண்டும். ஒளி ஒரு வானியல் அலகைக் கடக்க 8.3 நிமிடம் எடுக்கும். சுற்றுப்பாதையை நாம் ஏறக்குறைய பக்கவாட்டில் பார்ப்பதால், இணை அப்பால் இருக்கும்போது அதன் செய்தி ஏறத்தாழ 18 நிமிடம் பிந்தியும், இப்பால் வரும்போது அதே அளவு முந்தியும் நம்மை அடையும்.

இப்போது துடிப்பை ஒரு கடிகாரமாக எண்ணிப் பாருங்கள். 5 மணி 8 நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கும் அந்தக் கடிகாரம், ஏறக்குறைய மூன்று ஆண்டுக் காலத்தில், கால் மணி நேரத்துக்கும் மேலாக முந்தியும் பிந்தியும் அடிப்பதுபோல் தோன்றும். கடிகாரம் தவறவில்லை, அதை ஏந்தியிருப்பவர் நடந்துகொண்டிருக்கிறார். மறைப்பின் நேரங்களும் அதே அளவு முந்திப் பிந்தும். இரண்டும் ஒரே ஒழுங்கில் அசைந்தால், அசைவுக்குக் காரணம் இணை முழுவதையும் இழுக்கும் வெளிவிண்மீன்தான் என்று உறுதிப்படும். வியாழனின் நிலவான அயோவின் மறைப்புகள் முந்தியும் பிந்தியும் வருவதைக் கொண்டு ஒளிக்கு வேகம் உண்டு என்று 1676-ல் ஓலே ரோமர் காட்டினாரே, அதே வாதம்தான் இது. அவர் தொலைவு மாறுவதிலிருந்து ஒளியைப் பற்றி அறிந்தார். நாம் ஒளியின் வேகத்தைக் கொண்டு தொலைவு மாறுவதை அறிகிறோம்.

இதில் கவனம் எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு சான்று. ஹாண்ட்லர், ஷ்வார்ட்சன்பெர்க்-செர்னி என்ற இருவர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், நிறமாலையைக் கொண்டு முன்பு கணித்திருந்த சுற்றுக்காலம் மறைப்பு நிகழும் நேரங்களோடு ஒத்துவரவில்லை என்பதைக் கண்டு, உள் இணையின் காலத்தை 5.95189 நாள் என்று திருத்தினார்கள். பத்தொன்பது இரவுகள் நோக்கியும் அவர்களுக்கு ஒரு மறைப்பின் ஒரு பகுதிதான் கிடைத்தது. அதே தொடரில் அவர்கள் அளந்த மற்றொரு விண்மீன் பள்ளத்தூர் அன்பர் சொன்ன மியூ-1 என்பது மாணவியருக்கு ஊக்கம் தரும் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: காரைக்குடி முதுகலை மாணவர்

ஆசிரியை அவர்களுக்கும் மூத்தவர்களுக்கும் வணக்கம். மறைப்பும் துடிப்பும் ஒரே அமைப்பில் சேர்ந்து கிடைப்பதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

துடிக்கும் விண்மீனின் நிறையைத் துடிப்பைக் கொண்டு கணிக்க ஒரு கோட்பாடு உண்டு. விண்மீன் எப்படி முதிர்கிறது என்ற கோட்பாட்டைக் கொண்டு கணிக்க வேறொரு வழி உண்டு. செஃபீடு விண்மீன்களில் இவ்விரண்டும் தரும் விடைகள் பல பத்தாண்டுகளாக நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை முரண்பட்டு நின்றன. எது சரி என்று சொல்ல மூன்றாவது சாட்சி தேவைப்பட்டது. நம் பால்வீதிக்கு அண்டை விண்மீன் கூட்டமான பெரிய மெகல்லன் மேகத்தில், 309 நாள் சுற்றுக்காலமுள்ள ஒரு மறைப்பு இரட்டையில், 3.8 நாளுக்கு ஒருமுறை துடிக்கும் செஃபீடு இருப்பது ஓக்ல் என்னும் ஆய்வுத் திட்டத்தின் தரவில் தெரியவந்தது. மறைப்பைக் கொண்டு அதன் நிறையைச் சூரியனைப் போல் 4.14 மடங்கு என்று, நூற்றுக்கு ஒரு பங்குத் துல்லியத்தில் 2010-ல் அளந்தார்கள். துடிப்புக் கோட்பாடு சொன்னதே சரி என்பது அப்போது தெளிவாயிற்று. மறைப்பு இல்லாமல் இந்த வழக்கு தீர்ந்திருக்காது.

மூன்றோடு நிற்காத அமைப்புகளும் உண்டு. கெப்ளர் விண்தொலைநோக்கி நோக்கிய கேஐசி 4150611 என்ற அமைப்பில் துடிக்கும் முதன்மை விண்மீனைச் சுற்றி குள்ள விண்மீன்களின் இணை ஒன்று வருகிறது; அதே ஒளிப்புள்ளியில் வேறு மறைப்பு இணைகளும் கலந்துள்ளன. 94.2 நாள், 8.65 நாள், 1.52 நாள், 1.43 நாள் என்று நான்கு வகை மறைப்புகள் அந்த ஒரே ஒளிவளைவில் (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைகோட்டில்) பின்னிக் கிடக்கின்றன. தேவகோட்டை ஐயா சொன்ன சலிப்பு முறையை அங்கே எத்தனை முறை செய்ய வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

டெஸ் விண்தொலைநோக்கியின் தரவுகள் அனைவருக்கும் இலவசமாகத் திறந்தே இருக்கின்றன. துணையின் ஈர்ப்பால் நீர்த்துளி வடிவாகி, ஒரு பக்கம் மட்டும் வலுவாகத் துடிக்கும் எச்டி 74423 என்ற விண்மீனின் விந்தையான ஒளிவளைவை, அந்தத் தரவுகளில் முதலில் கவனித்தவர்கள் ஆர்வலர்களே; ஆய்வு 2020-ல் வெளியாயிற்று. பள்ளியில் கணினி இருந்தால், மடித்துப் போடும் பயிற்சியை அங்கிருந்து தொடங்கலாம். நான் ஒரு சனிக்கிழமை வந்து சொல்லித்தர அணியமாக இருக்கிறேன்.

மறுமொழி: கோட்டையூர் ஆசிரியை

தம்பி, எந்தச் சனிக்கிழமையும் வரலாம். எங்கள் பள்ளியில் நான்கு கணினிகள் நல்ல நிலையில் உள்ளன. பள்ளத்தூர் அன்பரின் யோசனைப்படி மியூ-1-இலிருந்து தொடங்கிவிட்டோம் என்பதைத் தெரிவிக்கவே இப்போது எழுதுகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை இரவு ஐந்து மாணவியரும், ஒருவர் மதிப்பீட்டை மற்றவர் கேட்காதபடி, தனித்தனியே குறித்துக்கொண்டார்கள். எட்டு மணிக்கு ஐவருமே மியூ-1-ஐ அயோட்டாவுக்கு ஏறக்குறைய இணையாக எழுதியிருந்தார்கள். பத்து மணிக்கு மூவர் அது அயோட்டாவைவிட மங்கியதாக எழுதினார்கள். இருவர் மாற்றமில்லை என்றார்கள். பதினொன்றே முக்காலுக்கு ஐவரும் அதனை ஜி ஸ்கார்ப்பியோடு ஒப்பிட்டு எழுதியிருந்தார்கள். நள்ளிரவு கடந்ததும் மேகம் மூடிக்கொண்டது. ஆகவே ஒளி மீண்டும் ஏறியதை நாங்கள் காணவில்லை. பதினொன்றே முக்கால்தான் உண்மையான தாழ்நிலை என்று சொல்லவும், ஒரு சுற்றில் வரும் இரண்டு பள்ளங்களுள் அது பெரியதா சிறியதா என்று சொல்லவும் ஓரிரவுக் குறிப்பு போதாது.

ஆனால் மூல நட்சத்திரக்காரி ஒரு கணக்குப் போட்டுக் கொண்டுவந்தாள். காலம் 1 நாள் 10 மணி 43 நிமிடம் என்றால், இரண்டு சுற்றுக்கு 2 நாள் 21 மணி 26 நிமிடம்; அதாவது மூன்று நாளுக்கு 2 மணி 34 நிமிடம் குறைவு. எனவே வெள்ளிக்கிழமை கண்டது உண்மையான தாழ்நிலையாக இருந்தால், திங்கட்கிழமை இரவு 9 மணி 11 நிமிடத்துக்கு மியூ-1 மீண்டும் ஜி-யின் அளவுக்கு இறங்கி, பதினொரு மணிக்குள் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்காவிட்டால் நாம் கண்டது இறக்கத்தின் நடுவழி என்றும், தாழ்நிலை மேகத்துக்குப் பின்னால் நடந்தது என்றும் அவளே எழுதி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை எட்டு மணிக்கு அனைவரும் மாடியில் இருப்போம். மேகமின்றி இருந்தால் ஐவரின் குறிப்புகளையும் அப்படியே இங்கே பதிவிடுகிறேன். தவறு எங்கே என்று பெரியவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.